ஆறு முறம் வைத்த படகு

காற்றை எதிர்த்துத் தானாகப் போகிற படகு ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். துடுப்பு இல்லை, கழி இல்லை, எஞ்சின் இல்லை, பாயும் கிடையாது. பாய் இருக்கவேண்டிய இடத்தில் ஆறு முறம். நெல் புடைக்கிறோமே, அந்த முறம்தான். டீக்கடையில் எப்போதாவது இதைச் சொன்னால் பையன்கள் செல்போனிலிருந்து தலையைத் தூக்கி, "பெரிசு, நேத்து வேற மாதிரி சொன்னீங்களே" என்பார்கள். நேற்று நான் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன். ஆனாலும் கடையே சிரிக்கும். நானும் சிரித்துக்கொண்டு டீயைக் குடித்துவிட்டு வந்துவிடுவேன். அந்தப் படகைப் பற்றிச் சிரிக்காமல் பேச எனக்கு இத்தனை வயதுக்கப்புறமும் வரவில்லை.

எங்கள் ஊர் முத்துப்பேட்டைக்கும் கீழே. காவிரி என்று பெயர் வாங்கிக்கொண்டு புறப்படுகிற தண்ணீர் பத்து ஊர் வயலில் குளித்து, பத்துப் பெயர் மாறி, கோரையாறாக எங்களிடம் வரும்போது கிழடு தட்டியிருக்கும். பூதலூர்ப் பக்கம் நாற்றுப் பறித்து நட்டு முடித்திருப்பார்கள். எங்கள் வாய்க்காலில் அப்போதும் நண்டுதான் ஓடிக்கொண்டிருக்கும். கடைமடை என்றால் அப்படித்தான். நல்லது எதுவும் எங்களுக்குக் கடைசியில்தான் வரும். ஊருக்குத் தெற்கே அலையாத்திக் காடு. அதைத் தாண்டினால் காயல், அப்புறம் கடல். ஆனால் எங்கள் வீட்டில் யாரும் தோணி ஏறியவர்கள் இல்லை. எங்களுக்கு நெல்தான். காற்று எதற்கு என்று கேட்டால், தூற்றுவதற்கு என்போம்.

எங்கள் அத்தை, அப்பாவுக்கு நேர் இளையவள். அவளை ஒரத்தநாட்டுப் பக்கம் கொடுத்திருந்தது. மாமாவும் வயல்காரர்தான். சிரிக்கச் சிரிக்கப் பேசுவார். கையில் ஒரு கம்பியும் குறடும் கிடைத்துவிட்டால் சாப்பாடு வேண்டாம் அவருக்கு. ஊரில் யார் வீட்டுப் பம்புசெட் நின்றுபோனாலும் மாமா போய் அதன் வயிற்றைக் கிழித்துப் பார்த்துவிட்டுத்தான் வருவார். அத்தைக்கு இரண்டு தடவை பிள்ளை தங்கவில்லை. மூன்றாவது தங்கியபோது மாமாவுக்கு வளைகுடாவுக்கு விசா வந்தது. அந்தக் காலத்தில் விசா வந்தால் கட்டிலில் பிணம் கிடந்தாலும் போய்விட்டுத்தான் மறுவேலை. மாமா போனார். அத்தை பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

பெண் குழந்தை. முன்னே இரண்டு போனதால் இதையாவது காப்பாற்ற வேண்டும் என்று, பிறந்ததும் முறத்தில் தவிட்டைப் பரப்பி அதன்மேல் துணி விரித்துக் குழந்தையைக் கிடத்தினார்கள். அத்தை தன் கையால் முறத்தை வாசற்படிக்கு வெளியே வைத்தாள். எங்கள் அம்மா ஒரு படி தவிட்டைக் கொடுத்துக் குழந்தையை விலைக்கு வாங்கினாள். விற்றாகிவிட்டது, இனி இது அத்தை பிள்ளை இல்லை, எமனுக்கு விலாசம் தெரியாது என்பது கணக்கு. வாங்கின கையோடு அம்மா என்னைப் பார்த்து, "டேய், ஒனக்குப் பொண்டாட்டிய தவிட்டுக்கு வாங்கிட்டேன்டா, மலிவுதான்" என்றாள். அத்தை மகள் இல்லையா, முறைப்பெண். பெண்களெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு ஏழு வயது இருக்கும். வெட்கம் தாங்காமல் மாட்டுக் கொட்டகைக்கு ஓடிப்போய்க் கன்றுக்குட்டி பக்கத்தில் நின்றுகொண்டேன். அதற்குப் பிறகு அந்தக் குழந்தை பக்கமே நான் போகவில்லை. அதன் முகம் எனக்கு ஞாபகம் இல்லாமல் போனதற்கு அதுதான் காரணம்.

வாங்கினாலும் குழந்தை அத்தையிடம்தான் வளர்ந்தது. அதற்குத் தொட்டில் பிடிக்காது. முறத்தில் போட்டால்தான் தூங்கும். மூங்கில் விளிம்பு குத்தும் என்று அத்தை தன் பழைய புடவையிலிருந்து சிவப்புக் கரையைக் கிழித்து விளிம்பு முழுக்கச் சுற்றித் தைத்துவைத்தாள். அடை மழைக் காலத்தில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. ஆற்றில் வெள்ளம், பஸ் இல்லை. ரோடு காய்ந்து பஸ் வந்தபோது அதில் ஏற்றிக்கொண்டு போகக் குழந்தை இல்லை.

இப்போது எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். இப்போதும் உண்டு. வெளிநாட்டில் இருக்கிறவனுக்கு இங்கே நடந்த கெட்டதைச் சொல்லக் கூடாது. அவன் வர முடியாது. வர முடியாதவனிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? அழுதால் துடைக்க ஆள் உண்டா? ஏதாவது செய்துகொண்டால்? வரும்போது தானாகத் தெரியட்டும். இதை யாரும் உட்கார்ந்து முடிவு பண்ணுவதில்லை. மழை பெய்தால் குடை பிடிக்கிற மாதிரி எல்லோரும் செய்வார்கள். அங்கே மாமாவோடு வேலை பார்த்த நம் ஊர்க்காரர்களுக்கும் விஷயம் தெரியும். ஒருவர்கூட வாய் திறக்கவில்லை.

மாமா ஒரு டேப்ரெக்கார்டர் அனுப்பியிருந்தார். கடிதம் எழுத எங்களில் யாருக்குக் கை வரும்? கேசட்டில் பேசி, லீவு முடிந்து போகிறவர்களிடம் கொடுத்துவிடுவோம். அப்பா மழை, நெல் விலை எல்லாம் சொல்வார். நான் கன்றுக்குட்டி என்ன செய்தது என்று சொல்வேன். ஒவ்வொரு கேசட்டிலும் கன்றுக்குட்டிதான். அதைவிட முக்கியமாக எனக்கு ஒன்றும் தெரியாது. குழந்தை போனபிறகும் கேசட் போய்க்கொண்டுதான் இருந்தது. "பாப்பா தூங்குது மாப்ள" என்பார் அப்பா. "பாப்பா இப்பத்தான் பால் குடிச்சுது தம்பி" என்பாள் அம்மா. அத்தை பேசமாட்டாள். "அவளுக்குக் கூச்சம்" என்று அப்பா முடித்துவிடுவார். ஒருமுறை, பாப்பா சத்தத்தைக் கேட்க வேண்டும் என்று மாமா மன்றாடிக் கேட்டிருந்தார். அம்மா பக்கத்து வீட்டுக் குழந்தையைத் தூக்கிவந்து, தொடையில் கிள்ளி அழவைத்து, டேப்பைப் பக்கத்தில் பிடித்தாள். அத்தை அப்போது கொல்லையில் இருந்தாள். அந்த அழுகை கொல்லைவரைக்கும் கேட்டிருக்கும்.

மறு வருஷம், சம்பா அறுவடை சமயத்தில் மாமா லீவில் வந்தார். வாடகைக் கார், இரண்டு பெரிய பெட்டி, கயிறு கட்டின அட்டைப்பெட்டி ஒன்று. காரிலிருந்து இறங்கும்போதே கையில் ஒரு ஜோடிக் குட்டி ஷூ வைத்திருந்தார். அமுக்கினால் கிய்யா கிய்யா என்று சத்தம் போடும். நடக்கிற குழந்தைக்கு என்று வாங்கியது. வாசலில் நின்று அதை அமுக்கிக்கொண்டே, "எங்க எங்க வீட்டு மகாராணி? அப்பா வந்திருக்கேன், வெளிய வாங்க" என்றார். யாரும் வரவில்லை. திரும்பவும் அமுக்கினார். அப்பா நெல் மூட்டைக்குப் பக்கத்தில் நின்றவர் நின்றபடியே மேல்துண்டை வாயில் வைத்துக்கொண்டார். மாமா எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். என்னையும் பார்த்தார். எனக்கு அந்த ஷூவின் மேல்தான் கண்.

அவர் அழவில்லை. "எப்ப?" என்று மட்டும் கேட்டார். அப்பா சொன்னார். மாமா கொஞ்ச நேரம் எதையோ கூட்டிக் கழித்தார். "அப்ப அந்தக் கேசட்டுல அழுதது?" என்றார்.

அன்றிலிருந்து அத்தையும் மாமாவும் ஒரே வீட்டில் இரண்டு விருந்தாளிகள் மாதிரி இருந்தார்கள். அத்தை சோறு போடுவாள், தண்ணீர் வைப்பாள், பேசமாட்டாள். கோபமில்லை. ஒரு வருஷம் வாயை மூடச் சொல்லி வைத்திருந்தோம். இப்போது திற என்றால் அது திறக்கவில்லை. பாப்பா எப்படி இருந்தது, யார் சாயல் என்று மாமா எங்களிடம் கேட்பார். போட்டோ ஒன்றும் எடுத்திருக்கவில்லை. "அத விடுங்க மாப்ள" என்று அப்பா பேச்சை மாற்றிவிடுவார். அத்தையிடம் போய் அவர் கேட்டதை நான் பார்க்கவில்லை.

பொங்கல் கழிந்ததும் மாமா படகு செய்யக் கிளம்பினார்.

வளைகுடாவில் அவர் படகு பழுதுபார்க்கிற கொட்டகையில் வேலை பார்த்தாராம். அங்கே ஒரு வயதான வெள்ளைக்காரர் வருவாராம். பணத்துக்குக் குறைவில்லை, விதவிதமாகப் படகு செய்து பார்ப்பதுதான் அவருக்குப் பொழுது. ஒரு படகுக்குத் துணிப்பாயே கிடையாது. அலமாரிக் கதவு மாதிரி விறைப்பாக ஒரு பலகை, அதுதான் பாய். ஒன்றுக்கு ஏணி மாதிரி இரண்டு கால் வைத்த பாய்மரம். ஒன்றில் பீப்பாயைச் செங்குத்தாக நிறுத்திச் சுற்றவிட்டிருப்பார். அது சுற்றினால் படகு போகும். ஒன்றைப் பட்டம் இழுத்துக்கொண்டு போகும். எல்லாவற்றிலும் விசேஷமானது காற்றாடிப் படகு. காற்றாடி மேலே சுற்ற, அந்தச் சுற்றைச் சங்கிலி கீழே கொண்டுபோய்த் தண்ணீருக்கு அடியில் ஒரு விசிறியைச் சுற்ற, காற்று எங்கிருந்து வருகிறதோ அந்தத் திசைக்கே படகு நேராகப் போகும். மாமா களத்துப் புழுதியில் குச்சியால் படம் போட்டுக் காட்டினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் பட்டம் இழுக்கிற படகை மட்டும் அன்றைக்கு ராத்திரி கனவில் பார்த்தேன்.

அப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதெல்லாம் எதுக்கு மாப்ள?" என்றார்.

"மச்சான், பாய் வச்ச படகு காத்து அடிக்கிற பக்கம் நல்லாப் போவும். எதிர்த்து வரணும்னா வளைஞ்சு வளைஞ்சுதான் வரணும். வந்து சேர்றதுக்குள்ள..." மாமா அங்கே நிறுத்திவிட்டார். கையால் புழுதிப் படத்தை அழித்துக்கொண்டே, "வாடக் காத்துல முகத்துவாரத்துலேருந்து திரும்பறதுக்கு இங்க உள்ள தோணிக்காரங்க படுற பாட்டப் பாருங்க. கழி போட்டுப் போட்டு நெஞ்சு காஞ்சு போவுது. இது ஓடிருச்சுன்னா ஆளுக்கு ஒண்ணு கேப்பாங்க. நான் இங்கயே கொட்டகை போட்டுருவேன். திரும்பப் போவல" என்றார்.

கடைசியில் குரலைத் தாழ்த்தி, "ஓடிருச்சுன்னா அவ எங்கிட்ட ஒரு வார்த்த பேசுவா மச்சான்" என்றார். எதற்கும் எதற்குமோ முடிச்சுப் போடுகிறார் என்று அப்பா அம்மாவிடம் சொல்லி வருத்தப்பட்டார். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. அப்படிப்பட்ட படகைப் பார்த்தால் யார்தான் பேசமாட்டார்கள்?

காயலில் மீன் பிடிக்கிற ஒரு தோணிக்காரர் தன்னிடமிருந்த இரண்டு பழைய தோணியைக் கொடுத்தார். மாமா அவற்றை மூங்கில் போட்டுச் சேர்த்துக் கட்டினார். முதலில் அலமாரிக் கதவு மாதிரிப் பாய். எங்கள் ஆட்டுக் கொட்டகையின் மூங்கில் படலைப் பிடுங்கிப்போய் நிறுத்தினார். ஒரு வீச்சில் தோணி குப்புறக் கவிழ்ந்தது. அங்கே படகு கவிழ்ந்த நேரத்தில் இங்கே படல் இல்லாத கொட்டகையிலிருந்து ஆடுகள் வெளியேறிப் பக்கத்து வயல் உளுந்தை மேய்ந்துவிட்டன. இரண்டு பஞ்சாயத்து. அடுத்தது பீப்பாய். ரோடு போடுகிறவர்கள் விட்டுப்போன தார் டின்னை நிறுத்தி, தயிர் கடைகிற மாதிரிக் கயிறு போட்டு மாமாவே சுற்றினார். தோணி செக்குமாடாக ஒரே இடத்தில் வட்டம் போட்டது. கரையில் உட்கார்ந்திருந்த தோணிக்காரர், "மாப்ள, எண்ணெ எப்ப எறங்கும்? நான் தூக்குவாளி எடுத்தாரட்டா?" என்று கேட்டார். ஊர் முழுக்க இரண்டு நாள் அதே பேச்சு.

மாமா எதற்கும் சூடாகவில்லை. லீவு முடியக் கொஞ்ச நாள்தான் பாக்கி. காற்றாடிக்கு இறங்கினார். பழைய சைக்கிளை வாங்கிப் பிரித்துப் பல்சக்கரமும் செயினும் எடுத்தார். தார் டின்னை வெட்டித் தண்ணீருக்குள் போகிற விசிறி செய்தார். மேலே சுற்றுகிற இறக்கைக்கு என்ன செய்வது? தகரம் கனம், துணி சுருளும். களத்தில் பெண்கள் நெல் புடைத்துக்கொண்டிருந்ததை ஒரு மத்தியானம் முழுக்கப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பிறகு தொடையில் ஓங்கி ஓர் அடி அடித்து எழுந்து சந்தைக்குப் போய், சாணமும் வெந்தயமும் அரைத்து மெழுகின புது முறம் ஆறு வாங்கிவந்தார். லேசு, காற்றுப் புகாது, முன்பக்கம் அகலம், பின்பக்கம் குழிவு. "நம்ம பொம்பளைங்க ஆயிரம் வருஷமா காத்தப் புடிச்சிக்கிட்டிருக்காங்க மாப்ள, நாமதான் பாக்கல" என்று என்னிடம் சொன்னார். மாமா முறை என்பதால் என்னையும் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவார்.

முறத்தைக் காலில் பட விடக்கூடாது, லட்சுமி. அதைக் கழியில் கட்டித் தண்ணீரில் விடுகிறானே என்று ஊர்ப் பெண்கள் முணுமுணுத்தார்கள். மாமா கற்பூரம் காட்டிவிட்டுத்தான் கட்டினார்.

ஓட்டிப் பார்ப்பதற்கு முந்தின நாள், கட்டும்போது ஒரு முறம் நடுவில் கிழிந்துவிட்டது. சந்தை இன்னும் நாலு நாளில். காற்றோ நல்ல காற்று. மாமா வீட்டுக்கு வந்தார். நெல் பத்தாயம் இருந்த அறையில், கூரைக் கைமரங்களுக்கு இடையில் ஒரு பழைய முறம் கவிழ்த்துச் செருகியிருந்தது. அதை எடுத்துக் கையில் வைத்துக் கனம் பார்த்தார். ஒருமுறை வீசிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. அதைச் சுற்றித் தைத்திருந்த சிவப்புத் துணியைத் தடவி, "விளிம்புக்குத் துணி கட்டியிருக்கு, பிரியாது" என்று சொல்லிக்கொண்டே போனார்.

அம்மா அடுப்படி நிலையில் நின்று பார்த்தாள். வாயைத் திறந்தாள். அப்பாவும் பார்த்தார். வேண்டாம் என்று தலையை மட்டும் அசைத்தார். "இப்பத்தான் கொஞ்சம் சிரிக்கிறான். இதச் சொல்லி வேற அவனக் கொல்லணுமா? ஓட்டிப் பாத்துட்டு வரட்டும், அவ அறியாம எடுத்து வச்சிருவோம்" என்று அப்பா மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது. எதைச் சொல்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. குழந்தை முறத்தில் தூங்கியது எனக்குத் தெரியும். ஆனால் எனக்கு முறம் என்றால் முறம். எல்லாம் ஒன்றுதான்.

மறுநாள் காலையில் மாமா அத்தையின் எதிரில் போய் நின்றார். "நீ வந்து பாக்கணும் புள்ள. நீ இல்லாட்டி நான் தண்ணியில எறக்கல" என்றார். அத்தை நிமிர்ந்து பார்த்தாள். ரொம்ப நாளுக்குப் பிறகு அவள் அவர் முகத்தைப் பார்த்தது அன்றுதான் என்று நினைக்கிறேன். தலையை முடிந்துகொண்டு வந்தாள். அம்மா எவ்வளவோ சொன்னாள், வெயில், சேறு, பாதை சரியில்லை என்று. அத்தை நிற்கவில்லை.

காயலின் வடகரையில் ஊரே நின்றது. தோணிக்காரர் படகைத் தெற்கே தூரத்துக்குக் கட்டி இழுத்துப் போயிருந்தார். அங்கிருந்து வாடைக்கு எதிராக எங்களை நோக்கி வர வேண்டும். தூரத்தில் படகு கொசு மாதிரித் தெரிந்தது. காற்று எங்கள் முதுகில் அடித்தது, கொஞ்சத்தில் விட்டும் போனது. ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லை. "எண்ணெ இன்னம் எறங்கல" என்று யாரோ சொன்னார்கள். சிரித்தார்கள்.

பிறகு காற்று திரும்ப வந்தது, படகு பெரிதானது. முதலில் நம்பமுடியவில்லை. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தோம். மாமா நடுவில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். கழி இல்லை. படகின் இரண்டு மூக்கிலும் தண்ணீர் வெள்ளையாகப் பிரிகிறது. தலைக்குமேல் முறங்கள் சுற்றுகின்றன. நடக்கிற வேகம்கூட இல்லை. ஆனால் வருகிறது. காற்றின் முகத்திலேயே ஏறி வருகிறது. சிரித்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். படகுக்குப் பக்கத்தில் கழி போட்டு வந்த தோணிக்காரர் கழி போடுவதை மறந்து பின்தங்கிவிட்டார். ஐந்து முறம் ஒரே நிறம். ஆறாவதன் விளிம்பு மட்டும் சுற்றச் சுற்றச் சிவப்பாக ஒரு வட்டம் வரைந்தது. அத்தனை அழகு. "அத்த, செவப்பப் பாரு, செவப்பப் பாரு!" என்று நான் அவள் புடவையைப் பிடித்துக் குதித்தேன்.

அத்தை பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

என் கையிலிருந்து புடவை நழுவியது. அவள் தண்ணீரில் இறங்கினாள். முழங்கால், இடுப்பு என்று சேற்றில் புதைந்து புதைந்து போனாள். மாமாவுக்கு அவள் வருவது தெரிந்தது. எதிர்கொண்டு அழைக்க வருகிறாள் என்று நினைத்துவிட்டார். இரண்டு கையையும் தூக்கி, "வா புள்ள! ஏறு! ஏறிக்க!" என்று கத்தினார். அந்தச் சந்தோஷக் குரல் காற்றை எதிர்த்துக் கரைவரைக்கும் வந்தது. அத்தை படகின் மேல் ஏறி, சுற்றுகிற முறத்துக்குள் கையை விட்டாள். ஒரு கழி அவள் தோளில் அடித்தது. இன்னொன்று நெற்றியில். அவள் விடவில்லை. சிவப்பு முறத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினாள். சட்டம் முறிந்து, செயின் அறுந்து, மூங்கில் எல்லாம் சரசரவென்று மாமாவின் மேல் சரிந்தது. அத்தை முறத்தைப் பிய்த்து எடுத்து மாரோடு வைத்துக்கொண்டு, வந்த வழியே கரையேறி, யாரையும் பார்க்காமல் வீட்டுக்குப் போய்விட்டாள். புடவையிலிருந்து சேறு வழி முழுக்கச் சொட்டியது.

மாமா தொடையளவுத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். கரையில் ஒரு சிரிப்பு கிளம்பியது. தோணிக்காரர்தான், "எவன்டா அவன் பல்லக் காட்றது? வேலையப் பாருங்கடா" என்று விரட்டினார். எனக்கு அத்தையின் மேல் வெறுப்பாக இருந்தது. நல்ல படகைக் கெடுத்துவிட்டாள் என்று அழுதேன்.

அப்போதும் யாரும் சொல்லவில்லை. மாமா அப்பாவிடம் கேட்டார்: "ஏன் மச்சான் அப்புடிப் பண்ணுனா? ஓடிச்சே! நீங்க பாத்தீங்கல்ல?" அப்பா, "அவளுக்கு மனசு சரியில்ல மாப்ள" என்றார். அதற்குமேல் அவரால் முடியவில்லை. ஒரு பொய்யை ஒரு வருஷம் சுமந்த மனிதர்; அது கீழே விழுந்து உடைந்த வீட்டிலேயே இரண்டாவதைச் சுமக்க ஆரம்பித்துவிட்டார். மாமா தலையாட்டினார். "நான் இங்க தங்குறது அவளுக்குப் புடிக்கல போலருக்கு. அதத்தான் சொல்லியிருக்கா" என்றார். அந்தப் பக்கம் அத்தை என்ன நினைத்தாள் என்று அம்மா ரொம்ப காலத்துக்குப் பிறகு எனக்குச் சொன்னாள். அவர் தெரிந்தேதான் எடுத்தார் என்று நினைத்தாளாம். பெற்ற மனிதருக்கு அதுகூடவா தெரியாது, பிள்ளை கிடந்த முறத்தைக் காற்றாடி சுற்றி ஊருக்கு வேடிக்கை காட்டினாரே என்று நினைத்தாளாம்.

லீவு முடியும் முன்பே மாமா போய்விட்டார். கார் ஏறும்போது அத்தை நிலைப்படிக்கு உள்ளே நின்றாள். அந்த ஷூ, அவர் வந்த அன்றைக்கு வைத்த மாடத்திலேயே இருந்தது. அதற்கப்புறம் அவர் ஊர்ப்பக்கம் வரவில்லை. பணம் வரும், சோப்பு வரும், வாசனை டப்பா வரும். அடுத்த லீவு, அடுத்த லீவு என்று ஆள் மூலம் சொல்லி அனுப்புவார். கடைசியாக ஒருநாள் வந்தார், அத்தைக்குக் காரியம் செய்ய.

ஆனால் நான் சொல்ல வந்தது அதையல்ல. அவர் போன அந்த வருஷம் சித்திரையில் ஒரு கேசட் வந்ததே, அதை. எல்லோரும் சுற்றி உட்கார்ந்தோம். மாமா வழக்கம்போல எல்லோரையும் விசாரித்தார். கன்றுக்குட்டியையும் விசாரித்தார். பிறகு அத்தையைக் கூப்பிட்டார்.

"புள்ள, படகு ஒடஞ்சத நெனச்சு நீ கவலப்படாத. நான் ஒண்ணும் நெனச்சுக்கல. ஒண்ணே ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். பத்தாயத்துப் பக்கம் சொருவியிருந்துச்சே, எரவல் வாங்குனதோ என்னவோ. அந்தச் செவப்புத் துணி கட்டுன முறம் யாரு வீட்டு முறம்? கெளம்புன கொஞ்ச தூரத்துலயே அன்னிக்குக் காத்து விட்டுப்போச்சு, எல்லாம் நின்னுருச்சு. அப்புறம் காத்து திரும்ப வந்தப்ப, அந்தப் பழைய முறந்தான் புள்ள மொதல்ல அசைஞ்சுது. அது அசைஞ்சப்புறந்தான் மத்ததெல்லாம். அது இல்லாட்டி நான் வந்து சேந்திருக்க மாட்டேன்."

அத்தை கையை நீட்டி டேப்பை நிறுத்தினாள். திருப்பிச் சுற்றினாள். மறுபடி போட்டாள். "அந்தச் செவப்புத் துணி கட்டுன முறம் யாரு வீட்டு முறம்?" நிறுத்தினாள். திருப்பினாள். மறுபடியும் அதே இடம். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைக்குப் போனாள். அப்பா எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார், அதற்கு அப்போதுதான் காட்டியிருந்தும். அத்தை காற்றாடி எப்படிச் சுற்றியது என்கிற நுட்பத்தை மனப்பாடம் பண்ணுகிறாள், திரும்பவும் படகு கட்டப்போகிறாள் என்று நான் நினைத்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பதில் கேசட்டுக்கு அன்றைக்கு முதல் முறையாக அத்தையே பொத்தானை அமுக்கினாள். வாயை டேப்புக்குக் கிட்டே கொண்டுபோனாள்.

"நம்ம வீட்டு முறந்தாங்க" என்றாள். "பத்திரமா இருக்கு."

அவ்வளவுதான். ஆனால் டேப்பை நிறுத்தவில்லை. உள்ளே சக்கரம் இரண்டும் காலியாகச் சுற்றிக்கொண்டே இருந்தன. இவ்வளவு டேப் வீணாகப் போகிறதே என்று எனக்குத் தாங்கவில்லை. நகர்ந்து அவள் மடிக்குப் பக்கத்தில் போய், குனிந்து, கன்றுக்குட்டிக்குக் கொம்பு முளைத்திருக்கிறது மாமா என்று சொல்ல ஆரம்பித்தேன்.